தேக்கா பற்றி ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களைத் தேக்காவுக்கு அழைத்துப் போகும் வேலை எங்கள் வீட்டில் எப்போதும் என் தலையில்தான் விழும். ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பது ஒரு வகை, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கேட்பது வேறு வகை. ஆனாலும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தேக்காவும் லிட்டில் இந்தியாவும் ஒண்ணா, வேற வேறயா?

ஒரே இடம்தான். சந்தையை வைத்து நம்மவர்கள் காலங்காலமாகச் சொல்வது தேக்கா. லிட்டில் இந்தியா என்பது 1980களில் சுற்றுலா விளம்பரங்கள் வழியாக நிலைத்த பெயர். இன்று ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். டாக்சியில் எதைச் சொன்னாலும் கொண்டுவந்து விடுவார்கள்.

சிராங்கூன் சாலைதான் நடு. ஒரு பக்கம் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, ரேஸ் கோர்ஸ் சாலை. மறுபக்கம் கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட், அப்பர் டிக்சன் சாலை. வடக்கே முஸ்தபா கடைத்தொகுதி, அதையும் தாண்டி ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். எந்தக் கடைக்குள்ளும் நுழையாமல் நடந்தால் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். அப்படி நடந்து முடித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

இங்கேதான் சிங்கப்பூர்த் தமிழர்கள் எல்லாரும் குடியிருக்காங்களா?

இல்லை. சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். 1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு பேட்டையிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. அதனால் ஈசூனிலும் தமிழர் இருப்பார்கள், ஜூரோங்கிலும் இருப்பார்கள். தமிழர் தெரு என்று தனியாக ஒன்று உருவாகாது.

அதே ஆண்டு ஜூலையில்தான் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் ஏறியது. ஓர் இனம் ஓரிடத்தில் கூடிக் குடியிருப்பதற்கு வரம்பு கட்டிய அதே ஆண்டில், அந்த இனத்தின் பெயரால் ஒரு வட்டாரத்தையும் காப்பாற்றி வைத்தார்கள். இரண்டுக்கும் அரசு தனித்தனிக் காரணம் சொல்லும். விளைவு மட்டும் ஒன்று: தேக்கா நாம் குடியிருக்கும் இடமல்ல, போய்வரும் இடம். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

ஆதியிலேர்ந்தே இது இந்தியர் ஏரியாதானே?

அதுவும் இல்லை. தமிழர்கள் முதலில் கூடியது ஆற்றுப்பக்கம். சூலியா ஸ்திரீட்டில் தமிழ் முஸ்லிம்கள், மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள். சிராங்கூன் சாலைப் பக்கம் 1840களில் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. வெள்ளைக்காரர்கள் சிலர் சுற்றிலும் வீடு கட்டினார்கள். டன்லப், டிக்சன் மாதிரிப் பெயர்கள் இந்தப் பக்கம் மலிந்திருப்பது அந்தக் காலத்து மிச்சம்.

இந்தியர்களை இங்கே இழுத்தவை மாடும் சுண்ணாம்பும் செங்கல்லும். புல்லும் தண்ணீரும் இருந்ததால் மாட்டுத் தொழுவங்கள் பெருகின. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் மாட்டு வியாபாரத்தில் பெரிய ஆள். அவர் பெயரிலும் இங்கே ஒரு சாலை உண்டு. மாட்டைக் கட்ட, பால் கறக்க, வண்டி ஓட்ட, சூளையில் வேலை செய்ய என்று ஆட்கள் வந்தார்கள். வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் சொல்வார்கள். கம்பம் என்றால் இங்கே கிராமம். தொழுவங்கள் போய் வெகுகாலம் ஆகிறது. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்று எருமை மட்டும் மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை பெயர்ப்பலகையில் நிற்கிறது.

அந்தக் கலர் கலரான வீடு என்ன கோயில்?

கோயில் இல்லை, தமிழர் வீடும் இல்லை. மிட்டாய்த் தொழில் நடத்திய டான் டெங் நியா என்ற சீனரின் வீடு, 1900இல் கட்டியது. இந்தப் பகுதியில் மிஞ்சிய ஒரே சீனர் மாளிகை. இப்போதுள்ள வண்ணங்கள் பிற்காலத்தில் பூசியவை. லிட்டில் இந்தியாவில் அதிகமாகப் படம் பிடிக்கப்படும் கட்டடங்களில் ஒன்று சீனருடையது என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. மேலே சொன்ன கலப்புக்கு அதுவே சாட்சி.

சிங்கப்பூர்ல எல்லாத்தையும் இடிச்சுக் கட்டுவாங்களே, இதை மட்டும் ஏன் விட்டாங்க?

இடித்ததும் உண்மைதான். மேலே சொன்ன மார்க்கெட் ஸ்திரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டியார்கள் தரையில் கணக்குப் பெட்டியோடு உட்கார்ந்து வட்டிக்கடை நடத்திய நீளமான கிட்டங்கிகள் 1970களில் நகர மறுசீரமைப்பில் போயின. இன்று அங்கே வங்கிக் கோபுரங்கள். தெருப்பெயர் ஒன்றுதான் மிச்சம்.

1983இல் சுற்றுலாப் பயணிகள் வரத்துக் குறைந்தது. மறு ஆண்டே அரசு ஒரு பணிக்குழுவை அமைத்துக் காரணம் கேட்டது. பளபளக்கும் கட்டடத்தைப் பார்க்க யாரும் இவ்வளவு தூரம் வருவதில்லை, ஊரின் பழைய முகம் தொலைந்துவிட்டது என்பது அந்தக் குழு சொன்னவற்றில் முக்கியமானது. அதற்குள் நகர நடுவே அலுவலகம் கட்ட நிலமும் ஓரளவு சேர்ந்திருந்தது. ஆக, 1986இல் பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1989 ஜூலை 7 அன்று சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவும் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இன்று தீவு முழுக்க 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

பண்பாட்டுப் பாசம் மட்டும்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்றுலா வருமானம் என்ற கணக்கு முன்னால் நின்றது, பாசம் பின்னால் வந்து சேர்ந்தது. அதில் தப்பும் இல்லை. கணக்கு இல்லாமல் வெறும் பாசத்தால் காப்பாற்றப்பட்ட தெரு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

பாதுகாக்கப்பட்ட கட்டடம்னா சொந்தக்காரர் ஒரு ஆணிகூட அடிக்க முடியாதா?

அடிக்கலாம். எதில் கை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி மூன்று சொற்களில் அடங்கும்: முடிந்தவரை இருப்பதைக் காப்பது, பார்த்துப் பழுதுபார்ப்பது, பழைய நிலைக்குக் கொண்டுவருவது.

அப்பர் டிக்சன் சாலையிலோ டன்லப் ஸ்திரீட்டிலோ ஒரு கடைவீட்டின் (கீழே கடை, மேலே வீடு) முன்னால் நின்று பாருங்கள், விதி தானாகப் புரியும். கீழே அஞ்சடி. அதாவது வீட்டின் மேல்மாடி முன்னால் நீண்டு, அடியில் வெயில் மழை படாமல் நடக்க விட்ட ஐந்தடிப் பாதை. 1822இல் சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் நகரமைப்புக்குச் சொன்ன கட்டளையிலிருந்தே இது வருகிறது. மேலே மரச்சட்டம் போட்ட சன்னல் கதவுகள், அவற்றின் தலையில் சுண்ணாம்பில் இழைத்த பூவேலை. உள்ளே போனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பக்கச் சுவர், மர உத்தரம், நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்கும் திறந்த முற்றம். இவை எல்லாம் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை முகப்பில் மாட்டக் கூடாது. பின்புறம் உயரமாக எழுப்பும் சலுகை வேறு சில பாதுகாப்புப் பகுதிகளில் உண்டு. லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுவதையும் அப்படியே காக்க வேண்டும்.

அந்தச் செலவை அரசாங்கம் கொடுக்குதா?

கடைவீட்டுக்கு இல்லை, சொந்தக்காரர் பணம்தான். அரசு கொடுத்தது சில கட்டணத் தள்ளுபடிகளும், எல்லாவற்றையும்விடப் பெரிய ஒரு சலுகையும். அது அடுத்த கேள்வி.

வாடகை ஏன் இப்படி ஏறிப்போச்சு? பழைய கடைங்கல்லாம் எங்க போச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெரியவர்கள். கோபமும் இருக்கும். பதிலைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களுக்குப் போருக்கு முந்தைய வாடகையையே அளவாக வைத்தது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. பல்லாண்டு அப்படியே ஓடியது. மாவு மில், மளிகை, துணி வெளுப்பவர், தையல்காரர் என்று சின்னத் தொழில்கள் நகர நடுவில் தாக்குப்பிடித்தது இதனால்தான். அதே சட்டத்தால் சொந்தக்காரர் கட்டடத்துக்கு ஒரு வெள்ளிகூட (டாலர்) செலவழிக்கவில்லை. வரும் வாடகை ஓட்டை மாற்றக்கூடப் போதாது. கூரை ஒழுகும், உத்தரம் உளுத்துப்போகும், ஒரு மாடியைப் பலகையால் தடுத்துப் பல குடும்பங்கள் இருக்கும்.

கட்டடத்தைக் காக்க வேண்டுமென்றால் சொந்தக்காரர் பணம் போட வேண்டும். பணம் போட்டால் வாடகை வர வேண்டும். எனவே 1980களின் இறுதியிலிருந்து கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தி, 2001இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நான் மேலே சொன்ன பெரிய சலுகை இதுதான். சுவரைக் காப்பாற்றிய அதே முடிவுதான் சுவருக்குள் இருந்த தொழிலை வெளியேற்றியது. இதில் வில்லன் யார் என்று தேடினால் கிடைக்க மாட்டார். ஆனால் சுவருக்குச் சட்டம் இயற்றியவர்கள் தொழிலுக்கும் ஏதாவது யோசித்திருக்கலாம் என்பது என் எண்ணம். எந்தத் தொழில் வரக் கூடாது என்று சொல்லும் விதி இருக்கிறது. இருக்கும் தொழில் நிலைத்திருக்க வழி செய்யும் விதி இல்லை.

ஆனா தேக்கா மார்க்கெட்டுக்குள்ள மட்டும் இன்னும் பழைய மாதிரியே இருக்கே?

காரணம் அதே வாடகைதான். தேக்கா நிலையம் பழைய கட்டடமே அல்ல. பழைய சந்தை சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. 1982இல் இப்போதுள்ள வீவக கட்டடத்துக்கு மாற்றினார்கள். சுஜியாவ் என்று சீனத்தில் பெயர் வைத்தார்கள், யாரும் சொல்லவில்லை. 2000இல் மறுபடி தேக்கா ஆக்கிவிட்டார்கள்.

கட்டடத்தில் எந்த அழகும் கிடையாது. கீழே ஈரச்சந்தையில் மரக்கட்டை மேல் ஆட்டுக்கால் வெட்டும் சத்தம், பக்கத்தில் பிரியாணிக்கும் தோசைக்கும் வரிசை, மேல்மாடியில் புடவைக் கடைகளும் ரவிக்கை தைப்பவர்களும். முகூர்த்த நாளுக்கு முன்தினம் மாலை அந்த மாடிக்குப் போய்ப் பாருங்கள். ஊக்கு மாட்டிய ரவிக்கையைக் கையில் பிடித்தபடி, "அக்கா, தோள்ல அரை இஞ்ச் பிடிச்சுக் குடுங்க" என்று குறைந்தது நாலு பேராவது நிற்பார்கள். பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத இந்தக் கட்டடத்தில் பழைய பிழைப்பு தொடர்கிறது. பட்டியலில் இருக்கும் அழகான கடைவீடுகள் பலவற்றில் தங்குவிடுதியும் காப்பிக்கடையும்.

கலைஞர்களைக் கொண்டுவந்து குடிவெச்சா ஏரியா தானா வளரும்னு சொல்றாங்களே?

பல நாடுகளில் செய்து பார்த்த உத்தி. இங்கேயும் செய்தார்கள். கலைக்குழுக்களுக்கு மலிவு வாடகையில் இடம் தரும் அரசுத் திட்டம் 1985இலேயே வந்தது, பிறகு தேசியக் கலைகள் மன்றம் அதை நடத்தியது. அதன்படி கெர்பாவ் சாலைக் கடைவீடுகள் சில நாடக, நடனக் குழுக்களுக்குப் போயின. வைல்ட் ரைஸ் நாடகக் குழு அங்கேதான் இருந்தது. 2019இல் ஃபூனான் கடைத்தொகுதியில் சொந்த அரங்கம் அமைத்துக்கொண்டது.

குழுக்களுக்கு நல்ல உதவி, சந்தேகமே இல்லை. வட்டாரத்துக்கு என்ன கிடைத்தது என்றால், எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒத்திகை கதவை மூடிக்கொண்டு நடப்பது. பக்கத்துக் கடைக்காரருக்கு உள்ளே நாடகமா கணக்கு வகுப்பா என்றே தெரியாது. தேக்காவில் கலை தெருவுக்கு வருவது தைப்பூசத்தன்று. ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும். தீமிதிக்கும் அங்கிருந்தே சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்கு ஊர்வலம். எந்த மறுசீரமைப்புத் திட்டமும் இவற்றைக் கொண்டுவரவில்லை, கொண்டுவந்திருக்கவும் முடியாது.

சுவர்ல வரைஞ்சிருக்கிற படமெல்லாம் எப்ப வந்தது? நல்லாத்தான் இருக்கு.

2010களின் நடுவிலிருந்து. பயணத்துறைக் கழகமும் பக்கத்திலேயே இருக்கும் லாசால் கலைக் கல்லூரியும் சேர்ந்து செய்தது. மாட்டுத் தொழுவம், கிளி ஜோசியம், பூக்கட்டுபவர், சலவைத் தொழிலாளி என்று பழைய தொழில்கள்தான் அதிகம். நல்லாத்தான் இருக்கின்றன. தொழில் இருந்த சுவரில் இப்போது தொழிலின் படம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் வாடகைக் கேள்வியில் இருக்கிறது.

மியூசியம் வந்ததால கடைக்காரங்களுக்கு என்ன பிரயோஜனம்?

இந்திய மரபுடைமை நிலையம் 2015 மே மாதம் கேம்பல் லேனில் திறந்தது. அந்தச் சந்து இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அதன் முனையில் 1960இலிருந்து இருக்கும் ஜோதி பூக்கடைக்கு அது தேவையே இல்லை, மாலை வாங்குகிறவர் எப்படியும் வருவார். சுற்றுலாப் பயணியை நம்பும் கடைகளுக்குக் கொஞ்சம் உதவி. ஒரு மழை நாளில் உள்ளே போங்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இல்லாம இருந்தா ஏரியா இன்னும் நல்லாருக்கும்ல?

இதைக் கேட்பவர்கள் நல்லவர்கள்தான், நடக்க இடமில்லாமல் சலித்துப்போய்க் கேட்கிறார்கள். ஆனால் யார் அந்தக் கூட்டம்? கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்ப, முடி வெட்ட, ஊர்க்காரனைப் பார்க்க வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பங்களாதேஷ் பிள்ளைகளும். பணம் அனுப்பும் கடை, கைப்பேசிக் கடை, பார்சல் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் பெரிய வியாபார நாள் ஞாயிறு.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதி ஓர் இந்திய ஊழியர் இறந்தார். அதையடுத்துக் கலவரம் மூண்டது. சுமார் 300 பேர் ஈடுபட்டார்கள். ஆம்புலன்ஸ் உட்பட வாகனங்கள் எரிந்தன. விசாரணைக் குழு விபத்தையும் மதுவையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைத் தனி வட்டாரமாக வைத்து, சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை விதித்தது. ஊழியர் தங்குவிடுதிகள் பக்கமே பொழுதுபோக்கு நிலையங்களும் கட்டினார்கள். ஒழுங்கு வந்தது. கூட்டமும் முன்பைவிட மெலிந்தது.

குடியிருப்பவர்களுக்கு அமைதி வேண்டும், அது நியாயம். ஆனால் இரண்டாம் கேள்வியில் சொன்னதை நினைவில் வையுங்கள்: இங்கே குடியிருக்கும் தமிழர் குறைவு. வாரம் தவறாமல் வந்து வாங்கும் ஆள் இல்லாவிட்டால் தேக்காவில் மிஞ்சுவது விளக்கு அலங்காரம்தான். அந்தப் பிள்ளைகளைப் புழக்கத்துக்கு இடைஞ்சலாகப் பார்க்கிறவர்கள், கடைக்காரரின் திங்கட்கிழமைக் கல்லாவைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அப்ப இது சுற்றுலாக்காரங்களுக்குப் போட்ட செட்டா, நிஜமா?

இந்தச் சண்டை முதலில் சைனாடவுனில் நடந்தது. 1998இல் பயணத்துறைக் கழகம் 9.75 கோடி வெள்ளியில் சைனாடவுனுக்குப் புது மெருகு போடத் திட்டம் கொண்டுவந்தது. கேளிக்கைப் பூங்கா ஆக்கிவிடாதீர்கள் என்று சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் உட்படப் பலர் எதிர்த்தார்கள். அங்கே தெருவோர அங்காடிக்காரர்களை 1983இலேயே கட்டடத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். அதனால் மெருகு போடும்போது தெருவில் சொந்தப் பிழைப்பு அதிகம் மிச்சமில்லை.

தேக்காவில் இரண்டும் கலந்திருக்கிறது. தீபாவளி ஒளியூட்டு, வளைவு, நினைவுப்பொருள் கடை எல்லாம் செட்தான். 1947இலிருந்து தோசை ஊற்றும் கோமள விலாஸ், பஃபலோ சாலையில் வாழையிலையும் மாவிலையும் வாங்கிப் போகும் பாட்டி, இவை செட் அல்ல. சோதித்துப் பார்க்க ஒரு வழி: பொங்கலுக்கு முதல் நாள் வாருங்கள். கரும்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறுகிறவர் யாருக்காகவும் நடிக்கவில்லை.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை மட்டும் ஏன் காப்பாத்தல?

பக்கத்தில்தான் இருந்தது. 1930களிலிருந்து தரையில் விரிப்புப் போட்டுப் பழைய பொருள் விற்ற இடம். 2017 ஜூலை 10 அன்று மூடினார்கள். காப்பாற்றுவதற்கு அங்கே கட்டடம் இல்லை. விரிப்பும் வியாபாரியும்தான். அரசிதழில் ஏற்றும் சட்டம் செங்கல்லுக்கானது, தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளை அது பார்க்காது. வாடகைக் கேள்வியில் நான் சொன்ன குறை இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

நம்ம மயிலாப்பூரையும் ஜார்ஜ் டவுனையும் இதே மாதிரி பண்ணலாம்ல?

சென்னையிலிருந்து வருகிறவர்கள் கிளம்பும்போது தவறாமல் கேட்பது. அப்படியே தூக்கி வைக்க முடியாது. சிங்கப்பூரில் பெரும்பகுதி நிலம் அரசுடையது. திட்டம் போடுவது, அரசிதழில் ஏற்றுவது, கண்காணிப்பது எல்லாம் ஒரே ஆணையம். மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றிக் கோயில் மனைகள் ஏராளம். மனை கோயிலுடையது, மேலே கட்டடம் வேறொருவருடையது, உள்ளே கடை மூன்றாமவருடையது என்று இருக்கும். பழுதுபார்க்க யாரிடம் சொல்வீர்கள்?

ஜார்ஜ் டவுன் கதை, மேலே சொன்ன 1947 சட்டத்தின் கதையை ஒத்தது. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் மிகக் குறைந்த வாடகையில் பல தலைமுறை ஓடியது. கட்டடம் பாழானது, மொத்த வியாபாரம் பிழைத்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்த வாடகைக்கு வழிவிட்டது. ஆக வாடகை உயரும் பாதி வேலை சென்னையில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, கட்டடத்தைக் காக்கும் மறுபாதிதான் தள்ளாடுகிறது. சிங்கப்பூரில் இரண்டும் சேர்ந்து வந்தும் மாவு மில்கள் போயின. பந்தர் தெருவிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் முகப்புக்கு வண்ணம் பூசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வரும் குத்தகைப் புதுப்பிப்பில் எந்தெந்தக் கடை நிற்கும், எது போகும் என்ற பட்டியலை இப்போதே எடுத்து வைக்கலாம்.